பி.காம். படிக்கிறவனுக்கு சீக்வென்சர் எதுக்கு?

டிஸ்கி: நான் பி.காம். ஓம்ஸ் லாவுக்குப் பள்ளிக்கூடத்தோட ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தவன். இ.சி.இ. மக்கள் யாராவது இந்தப் பக்கம் வந்திருந்தா, முழுசா படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க :-)

ஒரு மாசமா வகுப்புல ஒரே கேள்விதான். "டேய் மாப்ள, போன்ல ஆப் ஃப்ரீயா கிடைக்குது. பதினாறு ஸ்டெப், நூறு விதமான டிரம் சவுண்டு. நீ என்னடான்னா அட்டைப்பெட்டிக்குள்ள ஒயரைச் செருகி 'பீப் பீப்'னு ஓட்டிக்கிட்டு இருக்கே. எதுக்கு?" கேக்குறவன் காஸ்ட் அக்கவுண்டிங்ல என்னைவிட அதிகமா மார்க் வாங்கறவன். அதனால கேள்வியை ஒதுக்கிட்டுப் போக முடியல. உருப்படியா ஒரு பதில் சொல்லணும்னுதான் இது.

முதல்ல சீக்வென்சர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஆடி மாசம் நம்ம பக்கம், அம்பத்தூர்ல இருந்து ஆவடி வரைக்கும், அந்தப் பக்கம் திருவேற்காடு, பூந்தமல்லி வரைக்கும், அம்மன் கோயில் இல்லாத தெரு கிடையாது. கூழ் ஊத்துற அன்னிக்குத் தெருமுனையில சீரியல் செட்ல அம்மன் உருவம் நிக்கும். சூலம் மேல ஏறும், பின்னாடி சக்கரம் சுத்தும், தாமரை விரியும். பக்கத்துல போய்ப் பார்த்தா எதுவும் நகராது. நூத்துக்கணக்கான பல்பு ஒரு வரிசைப்படி எரிஞ்சு அணையுது, அவ்வளவுதான். அந்த வரிசையை யார் பார்த்துக்கறாங்க? பழைய செட்டுகள்ல பின்பக்கம் ஒரு உருளை இருக்கும். மோட்டார் அதைச் சுத்தும். உருளை மேல செப்புத் தகடுகள் ஒட்டியிருக்கும், தகடு எங்க உரசுதோ அந்த பல்பு எரியும். தகடு இல்லாத இடத்துல இருட்டு.

அதுதான் சீக்வென்சர். பல்புக்குப் பதிலா ஸ்வரத்தை வெச்சா மியூசிக் சீக்வென்சர். எந்த நேரத்துல எந்த ஒலி வரணும்னு முன்னாடியே வரிசை போட்டு வெச்சு, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுற பெட்டி. ஆக, சீக்வென்சர் ஏதோ வெளிநாட்டு ஸ்டுடியோ சமாச்சாரம்னு நினைச்சு யாரும் பயப்பட வேண்டாம். வருஷா வருஷம் கூழ் குடிச்சுக்கிட்டே அதைப் பார்த்தவங்கதான் நாம எல்லாரும்.

இப்போ உருளை போய் ஐ.சி. வந்தாச்சு. நான் செஞ்ச பெட்டியில மொத்தம் மூணே ஐ.சி. ரெண்டு 555, ஒரு 4017. 555ங்கறது ஒரு டைமர். ஹான்ஸ் கேமன்சிண்ட்ங்கற சுவிஸ்காரர் 1971ல சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக டிசைன் பண்ணி, 1972ல சந்தைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் கடையில இருக்கு. முதல் 555 'டிக், டிக்'னு தட்டிக்கிட்டே இருக்கும். தாளம் போடுற கை மாதிரி. ஒரு பத்து மைக்ரோ ஃபாரட் கன்டென்சரும் நூறு கே பாட்டும் வெச்சா, விநாடிக்கு ஒரு தட்டுக்கும் கம்மியில ஆரம்பிச்சு பத்துப் பன்னிரண்டு தட்டு வரைக்கும் நாப்பைத் திருப்பியே போகலாம்.

அந்தத் தட்டு 4017க்குப் போகுது. இது எண்ணுற ஐ.சி. இதுக்குப் பத்து அவுட்புட். பத்துப் பேர் வரிசையா உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒருத்தர் எழுந்து நிப்பார், அதுக்கு முன்னாடி நின்னவர் உட்கார்ந்துடுவார். எப்பவும் ஒரே ஒருத்தர்தான் நிப்பார். பத்தாவது ஆள் முடிஞ்சதும் மறுபடி முதல் ஆள். சீரியல் செட் உருளை செஞ்ச அதே வேலை, சுண்டுவிரல் நீளத்துல.

நிக்கிற ஆள் கையில ஒரு பாட் (வால்யூம் நாப் மாதிரி திருப்புறது), ஒரு டயோடு. அது வழியா கரண்ட் ரெண்டாவது 555க்குப் போகுது. அந்த 555 வேகமா துடிச்சு ஸ்பீக்கர்ல ஒலியா வருது. எந்த ஆள் நிக்கிறாரோ அவரோட நாப் எங்க இருக்கோ, அதுதான் அந்த நேரத்து சுருதி. நாப்பைக் குறைச்சா சுருதி ஏறும். ஒருத்தரோட ஒயரைப் பிடுங்கிட்டா அவர் முறை வரும்போது ஒலியே இல்லை, மௌனம். இந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எட்டு நாப்பும் ஒலிச்சுக்கிட்டே இருந்தா அலாரம் மாதிரி இருக்கும். ரெண்டு ஒயரைப் பிடுங்கிப் பாருங்க, திடீர்னு அது பாட்டு மாதிரி ஆயிடும்.

பொருள் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்தான். அம்பத்தூர்ல லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவுல ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தா வந்துடும். தெருவுக்குள்ள நுழைஞ்சதும் மொபைல் கவரும் சி.சி.டி.வி. கேமராவும்தான் கண்ணை மறைக்கும். உதிரி ஐ.சி. விக்கிற கடைகள் சந்துக்குள்ள, மாடிப்படிக்கு அடியில. கடைக்காரர் அண்ணன்கிட்ட "4017 ஒண்ணு"ன்னா சின்ன டப்பாவுக்குள்ள கையை விட்டு எடுத்துக் கொடுத்துடுவார், விளக்கம் கேக்க மாட்டார். "நூறு கே பாட் எட்டு"ன்னு சொன்னப்போதான் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, லீனியரா, லாகா?"ன்னு கேட்டார். (லீனியர் வாங்குங்க.) ஐ.சி.ங்க எல்லாம் டீ, பஜ்ஜி விலைதான். காசு போறது பாட்டுக்கும் பிரெட்போர்டுக்கும்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒயர், பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து எனக்கு அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. டியூஷன் எடுத்த காசு. வீட்ல கேட்டு வாங்கினது இல்லைங்கறதைப் பதிவு பண்ணிக்கறேன், அம்மாவும் இதைப் படிப்பாங்க.

இனிமே நான் சொல்ல வந்த மேட்டர்.

4017ல பதினஞ்சாவது கால் ரீசெட். அதுக்குக் கரண்ட் போச்சுன்னா எண்ணிக்கை உடனே முதல்ல இருந்து ஆரம்பிக்கும். எட்டு ஸ்டெப் வேணும்னா, ஒன்பதாவது ஆள் எழுந்திரிக்கிற அந்தக் கணமே "மறுபடி முதல்ல இருந்து"ன்னு சொல்லணும். அதாவது ஒன்பதாவது அவுட்புட்ல இருந்து ஒரு ஒயரை எடுத்து ரீசெட்ல சொருகணும். நெட்ல கிடைக்கிற படம் எல்லாத்துலயும் இப்படி எட்டுதான் போட்டிருப்பாங்க. போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க.

அந்த ஒயரைப் பிடுங்கி வேற இடத்துல சொருகினா?

எட்டாவது அவுட்புட்டுல சொருகுங்க, ஏழு வரும். மிஸ்ர சாப்பு. ஆறாவதுல சொருகினா அஞ்சு, கண்ட சாப்பு. நாலாவதுல சொருகினா மூணு, ரூபகத்துக்கு நாம கைதட்டிப் போடுற எண்ணிக்கை. பழையபடி ஒன்பதாவதுக்கே வந்தா எட்டு, ஆதி தாளம். கச்சேரிப் பக்கமே போகாத ஆளா நீங்க? ஏழாவது அவுட்புட்டுல சொருகுங்க, ஆறு வரும். நம்ம ஊர் குத்துப் பாட்டுல பாதி அந்த ஆறுலதான் உருளுது. ஒரே ஒரு ஒயர், அரை அங்குலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம். தாளமே மாறிடுது.

(ஒரு எச்சரிக்கை: 4017ஓட கால்கள் வரிசையா இருக்காது. முதல் அவுட்புட் மூணாவது கால், ரெண்டாவது அவுட்புட் ரெண்டாவது கால், அப்புறம் 4, 7, 10, 1, 5, 6, 9, 11. பண்டிகைக்கு முந்தின நாள் கோயம்பேட்டுல பஸ் நிக்கிற வரிசை மாதிரி. ஏழு எண்ணிக்கை வேணும்னா ஆறாவது கால், மூணு வேணும்னா ஏழாவது கால். ஒரு பேப்பர்ல எழுதி பிரெட்போர்டு பக்கத்துல ஒட்டிக்கங்க. பதிமூணாவது காலையும் பூமிக்கு, அதான் பேட்டரி மைனஸுக்கு, கொடுத்துடுங்க. அந்தரத்துல விட்டா ஐ.சி. தன் இஷ்டத்துக்கு எண்ணும்.)

ஆப்ல இந்த ஏழு இல்லையான்னா, இருக்கு. பல ஆப்ல செட்டிங்ஸ் உள்ள போய், "பேட்டர்ன் லெங்த்"னு தேடி, 16ஐ 7ன்னு மாத்தலாம். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எத்தனை பேர் மாத்தறாங்க? திறந்த உடனே பதினாறு கட்டம் கண்ணு முன்னாடி நிக்குது. நாலு நாலா கலர் வேற அடிச்சிருக்கு. நாமளும் நாலு நாலா யோசிக்க ஆரம்பிச்சுடறோம். அந்தப் பதினாறு எங்க இருந்து வந்ததுன்னு நமக்குக் கேக்கவே தோணாது. அமெரிக்காவுல 1960கள்ல பூக்லாவும் மூகும் செஞ்ச சீக்வென்சர்கள் எட்டு, பதினாறுன்னு போச்சு. மூகோட 960 எட்டுப் பத்தி. 1980ல ரோலண்ட் கம்பெனி விட்ட டி.ஆர்.-808ல வரிசையா பதினாறு பட்டன். அந்த ஊர்ப் பாட்டு பெரும்பாலும் நாலுல போறது, அவங்க பெட்டியும் நாலோட மடங்கா இருக்கு. அதுல தப்பே கிடையாது, நம்ம ஆதி தாளமும் அதுல சுகமா உட்காரும். அஞ்சும் ஏழும் அப்படி உட்காராது. அதுக்குன்னு தேடிப் போய்த் திருத்தணும். அந்தப் பெட்டியில ஏழுங்கறது விதிவிலக்கு. என் அட்டைப்பெட்டியில ஏழும் எட்டும் ஒரே ஜாதி, ரெண்டுக்கும் தலா ஒரு ஒயர்.

வாங்கின பெட்டியில யாரோ எடுத்த முடிவு நமக்கு முடிவாவே தெரியாது, இயற்கை மாதிரி தெரியும். கையால ஒருதடவை செஞ்சவனுக்கு அது ஒயரா தெரியும். நான் செஞ்சதுல எனக்குக் கிடைச்சது இதுதான். சத்தம் என்னவோ, நண்பன் சொல்றது சரி, 'பீப் பீப்'தான்.

இப்போ காஸ்ட் அக்கவுண்டிங். நம்ம சிலபஸ்ல "மேக் ஆர் பை" முடிவுன்னு ஒரு பாடம் இருக்கே, மார்ஜினல் காஸ்டிங் கீழ வரும். ஒரு உதிரிப் பாகத்தை வெளியில வாங்கறதா, நாமே செய்யறதான்னு கணக்குப் போடறது. வெளியில விலை சைபர் (ஃப்ரீ ஆப்). நான் செஞ்சா அறுநூறு சொச்சம், நாலு ஞாயித்துக்கிழமை, ஒரு விரல் நுனி சூடு. பரீட்சையில வந்தா ஒரே வரியில விடை எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடலாம்: வாங்கு. என் நண்பன் கேக்கறதும் இதைத்தான். அவன் கணக்கு தப்பில்லை.

ஆனா நம்ம புத்தகத்துலயே இன்னொரு இடமும் இருக்கு. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 26, கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் பத்தினது. ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செலவு பண்ணினா, அந்தப் பணத்தைச் சொத்துன்னு பேலன்ஸ் ஷீட்ல காட்டக் கூடாது. அந்த வருஷச் செலவுலயே எழுதிடணும். தானா வளர்த்த குட்வில்லையும் சொத்தா காட்ட முடியாது. ஏன்? அந்த ஆள் நாளைக்கே வேலையை விட்டுப் போகலாம், அவர் தலைக்குள்ள இருக்கறது கம்பெனியோட கட்டுப்பாட்டுல இல்லை, நம்பகமா அளக்கவும் முடியாது. சரியான காரணம்தான். ஆனா கவனிங்க, "பயிற்சியால பயன் இல்லை"ன்னு ஸ்டாண்டர்டு சொல்லவே இல்லை. எங்க கணக்குல வராதுன்னுதான் சொல்லுது. என் விஷயத்துல அந்த ஆள் வேலையை விட்டு எங்கயும் போகப்போறதில்லை, ஏன்னா அந்த ஆளே நான்தான். ஆக, அறுநூறு ரூபாயைச் செலவுப் பக்கத்துல எழுதிட்டேன். சொத்துப் பக்கம் காலி. மேக் ஆர் பை கணக்கு அந்தக் காலி இடத்தைப் பார்த்துட்டு "வாங்கு"ன்னு சொல்லுது.

சரி, நம்ம நாட்டுல இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்குன்னு தேடினப்போ மூணு கதை கிடைச்சது. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

முதல் கதை அகமதாபாத். அங்க தேசிய வடிவமைப்பு நிறுவனம், என்.ஐ.டி.ன்னு சொல்வாங்களே, அங்க 1969லயே மூக் சிந்தசைசர் வந்து இறங்கியாச்சு. டேவிட் டியூடர்ங்கற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து ஸ்டுடியோவை அமைச்சுக் கொடுத்தார். இது நடக்கக் காரணமா இருந்தவங்கள்ல ஒருத்தர் கீதா சாராபாய். எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாதூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரான்னு சிலர் அதுல உட்கார்ந்து இசை பண்ணியிருக்காங்க. சில வருஷத்துல ஸ்டுடியோ ஓய்ஞ்சு போச்சு. டேப்புகள் அலமாரியில தூங்கிச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு பால் பர்கஸ்ங்கற பிரிட்டிஷ் கலைஞர் அதைக் கண்டெடுத்து, 2023ல தொகுப்பா வெளியிட்டாங்க. 1969ல இருந்து 1972 வரைக்கும் பதிவானவை. கேளுங்க, அசந்து போவீங்க. ஆனா நடுவுல அரை நூற்றாண்டு அந்த இசை யார் காதுக்கும் எட்டல.

ரெண்டாவது கதை மும்பை. சினிமா ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்ச சரண்ஜித் சிங், 1982ல டிஸ்கோ தாளத்துல பத்து ராகம்னு ஒரு எல்.பி. போட்டார். ரோலண்ட் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜுபிடர்-8 மூணையும் ஒண்ணா கோத்து வாசிச்சது. அப்போ பெருசா போகல. 2010ல மறுபடி வெளியிட்டப்போ, சிகாகோவுல ஆசிட் ஹவுஸ் இசை பிறக்கறதுக்கு முன்னாடியே அதே மாதிரி சத்தம் இந்தியாவுல இருந்து வந்திருக்கேன்னு உலகமே ஆச்சரியப்பட்டுது. அவர் ஆசிட் ஹவுஸ் பண்ணணும்னு நினைக்கவே இல்லை. கையில இருந்த பெட்டியில ராகத்தை வாசிக்கணும்னு நினைச்சார், அவ்வளவுதான்.

மூணாவது பெங்களூர். ஜி. ராஜ் நாராயண். இன்ஜினியர், புல்லாங்குழலும் வாசிப்பார். தம்புராவைத் தூக்கிக்கிட்டு அலையறதும் சுருதி சேர்க்கறதும் எவ்வளவு பாடுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். 1979ல எலெக்ட்ரானிக் தம்புராவைச் செஞ்சார். அவரோட ராடெல் கம்பெனி சுருதிப் பெட்டி, தம்புரா, தாளம் போடுற பெட்டின்னு வரிசையா கொண்டு வந்துச்சு. உங்க தெருவுல பாட்டு டீச்சர் வீட்டு ஸ்டூல் மேல ஒரு சின்ன பெட்டி 'ஙொய்ங்'னு பாடிக்கிட்டு இருந்திருக்கும், ஞாபகம் இருக்கா? அந்த வகையறாதான். இப்போ அந்த இடத்தையும் போன் பிடிச்சுக்கிட்டு வருது, அது வேற விஷயம்.

மூணு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனா என் ஓட்டு மூணாவதுக்கு. மூக் ஒரு பெரிய நிறுவனத்தோட ஒரு அறைக்குள்ள இருந்தது, அறையை மூடினதும் கதை முடிஞ்சது. சரண்ஜித் சிங் வாங்கின பெட்டியை யாரும் நினைக்காத விதத்துல வளைச்சார். அது மேதை வேலை, எல்லாருக்கும் வராது. ராஜ் நாராயண், "எனக்கு இது வேணும், கடையில இல்லை, செய்யறேன்"னு ஆரம்பிச்சார். பெட்டிக்குள்ளேயே நம்ம சுருதியும் நம்ம தாளமும் இருந்துச்சு. அதனாலதான் அது சந்து சந்தா பாட்டு வகுப்புக்குள்ள போய் உட்கார்ந்துச்சு.

நம்ம ஊர் சினிமாவைச் சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க. 1986ல வந்த 'புன்னகை மன்னன்' படத்துல இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரை வெச்சு விளையாடினதைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும். ரகுமான் கோடம்பாக்கத்து வீட்டுப் பின்பக்கம் ஸ்டுடியோ கட்டி உட்கார்ந்து, 1992ல 'ரோஜா' வந்ததும் தெரியும். இதுல தனியா ஒரு பதிவு போடற அளவுக்குச் சமாச்சாரம் இருக்கு, இன்னொரு நாள் பார்ப்போம்.

இப்போ என் பெட்டியோட குறைகளையும் சொல்லிடறேன், இல்லன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும்.

ஒண்ணு, சுருதி. நாப்பைச் சமமா திருப்பினா ஸ்வரம் சமமா ஏறாது. கீழ் ஸ்தாயியில கால் சுத்து திருப்பினாலும் கொஞ்சம்தான் மாறும், மேல போகப் போக ஒரு நூலிழை திருப்பினாலே ரெண்டு ஸ்வரம் தாண்டிடும். பேட்டரி தீரத் தீர அதுவும் கொஞ்சம் நகரும். மோகனத்துக்கு அஞ்சு ஸ்வரம் சேர்க்கறதுக்குள்ள பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுடுச்சு. கமகத்தைப் பத்திப் பேசவே வேண்டாம். ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போறது இதுக்கு வராது, படிக்கட்டு மாதிரி தாவத்தான் தெரியும்.

இன்னொண்ணு இதைவிடப் பெருசு. எங்க ஏரியாவுல மிருதங்கம் கத்துக்கொடுக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஏழு எண்ணிக்கையை ஓட்டிக் காட்டினேன். கேட்டுட்டுச் சிரிச்சார். "தம்பி, இது ஏழு. மிஸ்ர சாப்பு இல்லை"ன்னார். சரியான பேச்சு. மிஸ்ர சாப்புன்னா தகிட, தக, திமின்னு மூணு, ரெண்டு, ரெண்டா பிரிஞ்சு நிக்கணும். ஐ.சி.க்கு ஏழும் ஒண்ணுதான், எல்லா தட்டும் சமம், எங்க மூச்சு விடணும்னு அதுக்குத் தெரியாது. ஆதி தாளமும் வெறும் எட்டு இல்லையே, ஒரு லகு, ரெண்டு த்ருதம், நாலு, ரெண்டு, ரெண்டு.

அன்னிக்கு அவர் முன்னாடியே உட்கார்ந்து ஒண்ணாவது, நாலாவது, ஆறாவது நாப்பை மட்டும் மேல ஏத்தினேன். மத்ததைக் கீழ இறக்கி, மூணாவதோட ஒயரைப் பிடுங்கினேன். டக்னு பிரிஞ்சு நின்னுச்சு. அவர் தலை லேசா ஆடிச்சு. "ம், இப்போ கொஞ்சம் பரவால்ல"ன்னார். எண்ணறது பெட்டி, பிரிக்கிறது நாம. தானே பிரிச்சுக் கொடுக்கற பெட்டியை வாங்கியிருந்தா, மூணு ரெண்டு ரெண்டுன்னு இருக்கறதையே கவனிச்சிருக்க மாட்டேன். பாட்டு வகுப்புக்குப் போகாத நான் மிஸ்ர சாப்பு கத்துக்கிட்டது அந்த அரைமணி நேரத்துலதான்.

இ.சி.இ. படிக்கிற நண்பன் ஒருத்தன் சொல்றான், "இதை ஆர்டுயினோவுல இருபது வரி கோடுல முடிச்சுடலாம், எத்தனை ஸ்டெப் வேணா வெச்சுக்கலாம்." உண்மை. ரெண்டாவது பெட்டியை நான் அதுலதான் செய்வேன். ஆனா முதல் பெட்டிக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். யாரோ எழுதின கோடை காப்பி பண்ணி ஒட்டினா ஓடும். ஏன் ஓடுதுன்னு தெரியாது. ஆப்புக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லை. 4017ல ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு எல்.ஈ.டி. போட்டுட்டா எண்ணிக்கை கண்ணு முன்னாடி நடந்து போகும். எங்க நிக்குதோ அங்கதான் ஒயர் சரியில்லைன்னு நமக்கே தெரிஞ்சுடும். டிகிரி வேண்டியதில்லை, பார்வை போதும்.

"உன் சப்ஜெக்ட் இல்லையே"ங்கற பேச்சுதான் எனக்கு எரிச்சல். நாம இருக்கற இடம் என்ன இடம்? அம்பத்தூர் எஸ்டேட் 1964ல வந்தது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு லேத்து ஓட்டினவர், டை அடிச்சவர், பேனல் போர்டு ஒயரிங் பண்ணினவர்னு யாராவது ஒருத்தர் இருப்பாங்க. என் மாமா ஒரு யூனிட்ல பேனல் ஒயரிங்தான். அவர் எந்தக் காலேஜுக்கும் போனதில்லை. என் பிரெட்போர்டைப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "சப்ளைக்குப் பக்கத்துல ஒரு கன்டென்சர் போட்டியாடா?" (போடணும். 555 தட்டும்போது சப்ளை குதிக்கும், குதிச்சா 4017 ஒரு தட்டை ரெண்டா எண்ணிடும். நூறு மைக்ரோ ஃபாரட் ஒண்ணு, பாயின்ட் ஒண்ணு ஒண்ணு.) அவங்க தலைமுறை கையால வேலை பண்ணி நம்மளை பி.காம்.க்கு அனுப்பினாங்க. நாம சோல்டரிங் அயர்னைப் பார்த்து "அது வேற டிபார்ட்மெண்ட்"னு சொல்றோம். மாமா வீட்ல தினமும் நடந்த வேலை எப்படி எனக்கு வேற டிபார்ட்மெண்ட் ஆகும்?

செய்யணும்னு ஆசை வந்தவங்களுக்கு: மூணு ஐ.சி.யையும் ஒரே நாள்ல மாட்டாதீங்க. முதல் 555ஐ மட்டும் போட்டு ஒரு எல்.ஈ.டி. மினுக்கணும். அது மினுக்கினதும் 4017ஐப் போட்டு எல்.ஈ.டி. வரிசை ஓடணும். சத்தம் கடைசியில. ஸ்பீக்கரோட சேர்த்து ஒரு கன்டென்சரும் நூறு ஓம் ரெசிஸ்டரும் போடுங்க, இல்லன்னா தெருவே திட்டும். ஒன்பது வோல்ட் பேட்டரி போதும், வீட்டுக் கரண்ட் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு இப்போ ஒரே அரிப்பு. இன்னொரு 4017 வாங்கி, ரெண்டுக்கும் ஒரே 555ல இருந்து தட்டு கொடுத்து, ஒண்ணை அஞ்சுலயும் இன்னொண்ணை ஏழுலயும் ரீசெட் பண்ணி ஓட விடணும். ஒண்ணா கிளம்பி, பிரிஞ்சு போய், முப்பத்தஞ்சாவது தட்டு முடிஞ்சதும் ரெண்டும் மறுபடி முதல் இடத்துல சந்திக்கணும். பேப்பர்ல எல்.சி.எம். போட்டாச்சு, காதுல எப்படி இருக்கும்னுதான் தெரியல. சனிக்கிழமை காலையில ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். அம்பத்தூர் ஸ்டேஷன்ல ஏறுவேன், கூட வர்றவங்க வரலாம். டீ செலவு என்னுது.